குழந்தையின் அறிவை அளந்த ஆல்பிரட் பினே

எனக்குப் படிப்பு வராது என்று சொல்லும் பிள்ளைகளை நம் குடியிருப்புகளில் காணாதார் இலர். ஆயினும் மூன்று வயதுக் குழந்தை எதுவும் அவ்வாறு சொல்வதில்லை. அவ்வயதில் அது காண்பதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறது. இது என்ன, அது ஏன் என்று ஓயாது கேட்டுத் தாயைத் துளைத்தெடுக்கிறது. பள்ளிக்குச் சென்று சில ஆண்டுகள் கழிந்த பின்னரே, தன் அறிவைப் பற்றிய ஒரு முடிவு அதன் நெஞ்சில் வந்து குடியேறுகிறது. அம்முடிவைக் குழந்தை தானே கண்டுபிடித்ததா, பிறர் சொல்லக் கேட்டதா என்பது கல்விப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

நம் கழகம் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், அவ்வினாவோடு தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பிரெஞ்சு நாட்டு உளநூல் அறிஞர் ஆல்பிரட் பினே ஆவார். ஆசிரியர் பயிற்சி பெற்றோர் அவர் பெயரை நுண்ணறிவுச் சோதனை என்னும் பாடத்தில் படித்திருப்பர். அச்சோதனை எதற்காகத் தோன்றியது, அதைச் செய்தவர் எதற்கு அஞ்சினார், அவர் மறைந்த பின் அது எவர் கையில் என்னவாயிற்று என்பவை பலரும் அறியாதவை. பிறப்பால் அறிவு குறைந்தோர் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த நம்மனோர் இவ்வரலாற்றைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

பினே 1857-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள அந்நகர் அப்போது சார்டீனிய அரசுக்கு உட்பட்டிருந்தது. 1860-இல்தான் பிரான்சுடன் இணைந்தது. தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியம் வரைபவர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் பினே தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்தார். பின்னர்ப் பாரிசு நகரின் புகழ்பெற்ற லூயி லெ கிராண்ட் பள்ளியில் பயின்றார்.

பள்ளிக் கல்வியின் முடிவில் நடந்த தேர்வில் அவருக்கு நேர்ந்த ஒன்றை அவர் இறுதிவரை மறக்கவில்லை. ஒரு வினாவுக்கு அவர் தவறான விடையளித்தார். அது கேட்டுச் சினந்த தேர்வாளர், மெய்ப்பொருள் ஆராயும் அறிவு இவனுக்கு ஒருநாளும் வாராது என்று முகத்துக்கு எதிரே கூறிவிட்டார். ஒரு பிழையைக் கண்டு ஒரு வாழ்நாளுக்கே தீர்ப்பு எழுதப்பட்டது. அச்சொல் பினேயின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்திருந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய நூலில் வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

சட்டம் பயின்று 1878-இல் பட்டம் பெற்ற பினே வழக்கறிஞர் தொழிலை நாடவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி அதையும் இடையில் விட்டார். பாரிசு தேசிய நூலகத்தில் அமர்ந்து உளநூல்களைத் தாமே படித்தார். ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதல் இன்றி, நூலகமே பள்ளியாகக் கற்ற அறிஞர் அவர். நம் கழகத்தின் படிப்பகங்களில் அமர்ந்து பயின்று முன்னேறிய இளைஞர்களுக்கு இச்செய்தி ஊக்கம் தரும் என நம்புகின்றோம்.

முதல் தோல்வி

1883-ஆம் ஆண்டு முதல் பினே, சல்பேத்ரியேர் மருத்துவமனையில் பேராசிரியர் சார்கோவின் கீழ்ப் பணியாற்றினார். நரம்பு நோய் ஆராய்ச்சிக்கு அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த இடம் அது. மனவசியத்துக்கு ஆட்பட்ட நோயாளிகளின் உடலருகே காந்தத்தைக் கொண்டு சென்றால், ஒரு பக்கத்து அசைவும் உணர்வும் மறுபக்கத்துக்கு மாறுவதாகப் பினேயும் அவருடைய நண்பர் ஃபெரேயும் எழுதினர்.

பெல்சிய நாட்டு அறிஞர் டெல்போஃப் நேரில் வந்து அச்சோதனைகளைக் கண்டார். நோயாளியின் காதுபடவே, அடுத்து நிகழப்போவதைச் சோதனையாளர்கள் பேசிக் கொள்வதை அவர் கவனித்தார். காந்தம் ஒன்றும் செய்யவில்லை. சோதனையாளர் எதிர்பார்த்ததை நோயாளி செய்து காட்டினார்; அவ்வளவே. டெல்போஃப் இதனை எடுத்துக்காட்டியபோது பினே முதலில் கடுமையாக மறுத்து எழுதினார். ஆயினும் சில ஆண்டுகளில் உண்மையை ஏற்றுக்கொண்டு மருத்துவமனையை விட்டு விலகினார்.

இத்தோல்வி அவருக்குப் பெரும்பாடம் ஆயிற்று. மேலிடத்தில் இருப்பவர் எதிர்பார்ப்பது கீழே இருப்பவரின் நடத்தையாகவே மாறிவிடும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். இதனைக் கருத்தேற்றம் என்பர் உளநூலார். 1900-ஆம் ஆண்டில் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகளே அந்நூலின் உள்ளடக்கம். வினாவைக் கேட்கும் முறையினாலேயே குழந்தையின் விடையை மாற்றிவிட முடியும் என்பதை அதில் அவர் மெய்ப்பித்தார்.

இரு மகளிரும் ஓர் இடையனும்

1884-இல் பினே லோர் பல்பியானி என்னும் அம்மையாரை மணந்தார். அவர் கருவியல் அறிஞர் ஒருவரின் மகள். இவர்களுக்கு மாதலேன், ஆலிஸ் என இரு பெண் மக்கள் பிறந்தனர். மருத்துவமனையை விட்டு வந்த பினேவுக்கு வீடே ஆய்வுக்கூடம் ஆயிற்று.

அறிவு என்பது புலன்களின் கூர்மையே என்று இங்கிலாந்தில் கால்டன் போன்றோர் கருதியிருந்த காலம் அது. பினே தம் சிறுமகளிடம் இரு கோடுகளைக் காட்டி எது நீளம் என்று கேட்டார். பெரியவர்களுக்குச் சற்றும் குறையாத நுட்பத்துடன் குழந்தை விடை கூறியது. பின்னர்ச் சிறு வில்லைகள் ஒரு புறமும் பெரு வில்லைகள் ஒரு புறமும் பரப்பி, எதில் எண்ணிக்கை மிகுதி என்று கேட்டார். குழந்தை எண்ணிக்கையைப் பாராமல், பரப்பி வைத்த இடத்தின் அளவைப் பார்த்து விடையளித்தது. கத்தி என்றால் என்ன என்று கேட்டால், வெட்டுவதற்கு என்று அதன் பயனையே சொல்லிற்று. கண்ணும் காதும் பெரியவர்களுக்கு நிகராக இருந்தும் சிந்தனை வேறு வழியில் செல்வதை அவர் கண்டார். எனவே அறிவைப் புலன்களில் தேடுவது வீண். பொருளை உணர்தல், தீர்மானித்தல், தன் பிழையைத் தானே திருத்திக் கொள்ளுதல் ஆகியவற்றில்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இரு மகளிரும் ஒரே வீட்டில் வளர்ந்தும் தம்முள் வேறுபட்டனர். மூத்தவள் நிதானமும் கூர்ந்து நோக்கும் இயல்பும் உடையவள். இளையவள் கற்பனையில் மிதப்பவள். ஒருத்தியை அறிவுடையவள் என்றும் மற்றவளை அறிவிலி என்றும் பினே எழுதவில்லை. அறிவுக்குப் பல முகங்கள் உண்டு என்றே எழுதினார். 1903-இல் வெளியான அவருடைய அறிவாற்றல் ஆய்வு நூல் இவ்விரு பெண்களைப் பற்றியதே.

இதற்கு முன்னரே அவர் ஆராய்ந்த மற்றொருவர் ஜாக் இனோதி. இத்தாலியின் பீட்மாண்ட் மலைநாட்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து ஆடு மேய்த்தவர். ஏறத்தாழ இருபது வயது வரை எழுத்தறியாதவர். எனினும் பேரெண்களைக் கேட்ட மாத்திரத்தில் மனத்திலேயே பெருக்கியும் வகுத்தும் விடை சொல்வார். 1892-இல் பாரிசு அறிவியற் கழகம் அவரைச் சோதித்தது. அவ்விடையர் எண்களைக் கண்ணால் கண்டு நினைவில் வைப்பவர் அல்லர், செவியால் கேட்டே நினைவில் வைப்பவர் என்பதைப் பினே நிறுவினார். எழுத்தறியாமை வேறு, அறிவின்மை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தலையை அளந்தது

1891-இல் சோர்போன் பல்கலைக்கழகத்து உடலியல் உளநூல் ஆய்வுக்கூடத்தில் ஊதியம் இன்றிச் சேர்ந்த பினே, 1894-இல் அதன் இயக்குநர் ஆனார். ஆண்டுதோறும் வெளிவரும் உளநூல் ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கினார்.

அக்காலத்து அறிஞர் பலர் மண்டையோட்டை அளந்து அறிவை மதிப்பிட்டனர். மண்டை பெரிதாயின் அறிவும் பெரிது என்பது அவர்தம் கொள்கை. பினேயும் அதனை முதலில் நம்பியே பள்ளி பள்ளியாகச் சென்று மாணவர் தலைகளை அளந்தார். ஆசிரியர் கெட்டிக்காரர் என்று காட்டிய பிள்ளைகளுக்கும் மந்தம் என்று காட்டிய பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தது. அச்சிறு வேறுபாடும் தம் எதிர்பார்ப்பினால் விளைந்ததோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மந்தமான பிள்ளை என்று முன்னரே தெரிந்திருந்தால் அளக்கும் கை தன்னையறியாமல் குறைத்து அளந்துவிடும் என்பதைத் தம்மிடமே சோதித்துக் கண்டார். காந்தச் சோதனை கற்பித்த பாடம் இங்கே பயன்பட்டது. தலையை அளக்கும் வேலையை அவர் கைவிட்டார்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இத்தகைய அளவைகள் நடந்தன. ஆங்கில அதிகாரி ரிஸ்லி 1891-இல் வெளியிட்ட நூலில், மக்களின் மூக்கை அளந்து சாதிகளின் உயர்வு தாழ்வுக்கு இன வேறுபாட்டைக் காரணம் காட்ட முற்பட்டார். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய தம் நூலில் அத்தகைய அளவுக் கணக்குகளையே எடுத்து ஆராய்ந்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஓரினத்தவரே என்று காட்டினார். பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம் முன்னோரிடம் சொன்னதற்கும், மண்டையளவு என்று புது மொழியில் சொன்னதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

அளவுகோல் பிறந்த கதை

பிரான்சு நாட்டில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரை அனைத்துப் பிள்ளைகளுக்கும் கல்வியைக் கட்டாயம் ஆக்கியது. அதற்கு முன் பள்ளியையே காணாத ஏழை மக்களின் பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தனர். அவர்களுள் சிலர் பாடத்தைத் தொடர இயலாமல் பின்தங்கினர். அவர்களை என்ன செய்வது என்பது பெருஞ்சிக்கல் ஆயிற்று. தொல்லை கொடுக்கும் பிள்ளையை மந்தம் என்று பெயரிட்டு வெளியேற்றிவிட ஆசிரியர் சிலர் விரும்புவர் என்பதைப் பினே அறிந்திருந்தார். மருத்துவர்களும் ஒரே பிள்ளைக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினர்.

1904-இல் கல்வி அமைச்சர் அமைத்த குழுவில் பினே உறுப்பினர் ஆனார். முறையான சோதனை செய்யாமல் எப்பிள்ளையையும் பொதுப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்பது அக்குழுவின் முடிவு. ஆனால் முறையான சோதனை என்று ஒன்று இருந்தால் அன்றோ நடத்துவதற்கு? அதனை உருவாக்கும் பணியைப் பினேயும் இளம் மருத்துவர் தியோடர் சைமனும் மேற்கொண்டனர். 1905-இல் 30 சோதனைகள் கொண்ட முதல் அளவுகோல் வெளியாயிற்று. 1908-இல் அதனைத் திருத்தி, 3 முதல் 13 வயது வரை ஒவ்வொரு வயதினரும் இயல்பாகச் செய்யக் கூடியவற்றை வரிசைப்படுத்தினர்.

அச்சோதனைகள் எளியவை. மூன்று வயதுக் குழந்தை தன் மூக்கையும் வாயையும் காட்ட வேண்டும். சற்று மூத்த பிள்ளை இரு எடைகளில் எது கனமானது என்று சொல்ல வேண்டும்; சதுரம் ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும். இன்னும் மூத்த பிள்ளை 20-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காசுக்குச் சில்லறை கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை எவ்வயதினர்க்குரிய சோதனை வரை செய்து முடிக்கிறதோ, அதுவே அதன் அறிவு நிலை எனப்பட்டது.

இவ்வளவுகோலுக்கு எல்லைகள் உண்டு என்பதை அதை ஆக்கியவரே வற்புறுத்தினார். துணியை முழம் போடுவதைப் போல அறிவை அளக்க இயலாது என்றார். இன்று இப்பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் இது காட்டும். ஏன் அங்கே நிற்கிறது என்பதையோ, நாளை எங்கே நிற்கும் என்பதையோ காட்டாது என்றார். பிறவிக் குறையையும் வளர்ப்பினால் வந்த குறையையும் இது பிரித்துக் காட்டாது என்றும் தெளிவுபடுத்தினார். பின்தங்கிய பிள்ளையைக் கண்டறிவது, அதற்கு உதவி செய்வதற்காகவே. மந்தம் என்ற பெயர் ஒட்டப்பட்ட பிள்ளையை ஆசிரியர் மந்தமாகவே நடத்துவார், பிள்ளையும் அவ்வாறே ஆகிவிடும் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவேயில்லை.

வகுப்பறையில் கண்ட வெற்றி

1905-இல் பினே, பள்ளித் தலைவர் வானே என்பாரின் துணையுடன், பாரிசில் உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதியின் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூடம் அமைத்தார். பிள்ளை பின்தங்கினால் அதன் அறிவைப் பழிக்கும் முன் அதன் கண்ணையும் காதையும் சோதியுங்கள் என்று ஆசிரியர்களுக்குக் கூறினார்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கென 1907-இல் தனி வகுப்புகள் தொடங்கப் பெற்றன. அங்கே பாடத்துக்கு முன் மனப்பயிற்சி அளிக்கப்பட்டது. நிமிர முடியாத உடலுக்கு மருத்துவர் பயிற்சி தருவதைப் போல இது உள்ளத்துக்குத் தரும் பயிற்சி என்றார் பினே. சைகை காட்டியதும் பிள்ளைகள் அனைவரும் சிலையைப் போல அசையாமல் நிற்பர். பல பொருள்களைச் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்த பின், கண்டவற்றை நினைவிலிருந்து எழுதுவர். நாள்தோறும் பழகியதால், வகுப்பைக் காண வந்த நாடாளுமன்ற உறுப்பினர்களே இப்பிள்ளைகளிடம் தோற்றனராம். விளையாட்டாய்த் தொடங்கிய பயிற்சி கவனத்தையும் மனவுறுதியையும் வளர்த்தது. எழுத்தும் கணக்கும் பின்னர் வந்தன. நிலத்தைப் பண்படுத்தினால் விளைச்சல் பெருகுவதைப் போல அறிவும் பண்படுத்தப் பெருகும் என்பதைப் பினே வகுப்பறையிலேயே கண்டார். 1909-இல் பிரெஞ்சு அரசு இத்தகைய வகுப்புகளைச் சட்டத்தில் ஏற்றது.

பிரஸ்ஸல்ஸ் காட்டிய உண்மை

பெல்சியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் டெக்ரொலி என்னும் மருத்துவர், வசதி படைத்தோர் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளியில் பினேயின் சோதனையை நடத்தி 1910-இல் முடிவை வெளியிட்டார். பாரிசின் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைவிட அப்பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னே நின்றனர். செல்வர் வீட்டில் அறிவுள்ள பிள்ளைகள் பிறக்கின்றனர் என்று சொல்லிவிடுவது எளிது. பினே அவ்வாறு நின்றுவிடவில்லை. எந்தெந்தச் சோதனைகளில் அவர்கள் முந்தினர் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தார். மொழியைச் சார்ந்த சோதனைகளில்தான் அவர்களுடைய முந்துதல் மிகுதியாக இருந்தது. வீட்டில் பெற்றோர் பேசும் மொழி, கேட்கும் கதை, காணும் படம் ஆகியவை அளவுகோலுக்குள் புகுந்து கொள்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. இரு முகங்களில் எது அழகு என்று கேட்கும் வினா ஒன்றும் அவருடைய சோதனையில் இருந்தது. எது அழகு என்பதை ஒவ்வொரு சமுதாயமும் தன் பிள்ளைகளுக்கு வெவ்வேறாகக் கற்பிப்பதை நினைந்தால், அளவுகோலும் ஒரு நாட்டில் பிறந்ததே என்பது புலனாகும்.

வாராது என்ற சொல்லுக்கு மறுமொழி

1909-இல் பினே குழந்தைகளைப் பற்றிய புதுக் கருத்துகள் என்னும் பொருளில் ஒரு நூல் எழுதினார். தேர்வாளர் தம்மிடம் கூறிய கடுஞ்சொல்லை அந்நூலில்தான் நினைவு கூர்ந்தார். ஒருநாளும் வாராது என்ற சொல் எத்துணைப் பெரிய சொல் என்று வியந்தார். ஒருவனுடைய அறிவு மாறாத அளவுடையது, அதனைக் கூட்டவே முடியாது என்று அக்காலத்துச் சிந்தனையாளர் சிலர் கூறியதை இரக்கமற்ற அவநம்பிக்கை என்று கடிந்தார். பயிற்சியாலும் முறையாலும் கவனமும் நினைவும் தீர்மானிக்கும் ஆற்றலும் வளரும் என்று உறுதிபட எழுதினார்.

இத்தகைய அறிஞருக்குப் பிரான்சில் பேராசிரியர் பதவி கிட்டவே இல்லை. 1902-இல் காலேஜ் த பிரான்சில் இருந்த இடம் பியர் ஜானேக்குச் சென்றது. சோர்போனிலும் அவர் விரும்பிய இருக்கை பிறர்க்கே போயிற்று. எனினும் பணி ஓயவில்லை. 1911-இல் அளவுகோலை மீண்டும் திருத்தி வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் 54-ஆம் வயதில் பாரிசில் காலமானார்.

அவருக்குப் பின்

அமெரிக்க உளநூலாளர் காடார்டு 1908-இல் பினேயின் அளவுகோலைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பினே எதை மறுத்தாரோ அதையே அதற்கு அடிப்படையாக்கினார். அறிவு பரம்பரையாய் வருவது, மாறாதது என்பது அவர் துணிபு. 1913-இல் அவருடைய பணியாளர்கள் நியூயார்க்குத் துறைமுகத்து எல்லிஸ் தீவில், கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்தனர். பல நாள் கடற்பயணத்தில் சோர்ந்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், எழுதுகோலைப் பிடித்தறியாதவர்கள் அவர்களுள் பலர். சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், அங்கேரியர், உருசியர் ஆகியோருள் ஐந்தில் நால்வர் அறிவுக் குறையுடையோர் என்று 1917-இல் வெளியிட்டனர். 1916-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டெர்மன் அளவுகோலை விரிவாக்கி, நுண்ணறிவு ஈவு என்னும் ஒற்றை எண்ணைப் பரப்பினார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவுக் குறையுடையோர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்சீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உதவி செய்வதற்குப் பிறந்த அளவுகோல் ஏழையின் கருவையே அறுக்கும் கத்தியாயிற்று. காடார்டு 1928-இல் தம் கருத்துகள் சிலவற்றை மாற்றிக் கொண்டார். அதற்குள் தீங்கு பெருகிவிட்டது.

இந்தியாவுக்கும் அவ்வளவுகோல் வந்தது. 1920-களில் லாகூரில் ரைஸ் என்பார் அதனை இந்துத்தானி மொழிக்கு அமைத்தார். வி. வி. காமத் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தி 1940-இல் நூலாக வெளியிட்டார்.

பிள்ளைகள் அறிவைப் பற்றி எண்ணுவது

பினே தொடங்கி வைத்த வினா அவரோடு முடியவில்லை. அறிவு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளும் மக்களும் எவ்வாறு எண்ணுகின்றனர் என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர். 1970-களில் நிக்கல்ஸ் என்பார் பிள்ளைகளிடம் கண்டது இது: சிறு பிள்ளைகளுக்கு உழைப்பும் அறிவும் ஒன்றே, அதிகம் பாடுபட்டவனே கெட்டிக்காரன். பதினொன்று, பன்னிரண்டு வயதளவில்தான் பிள்ளைகள் இரண்டையும் பிரிக்கின்றனர். பாடுபட்டும் தோற்பவனுக்கு அறிவு குறைவு என்று அப்போது தீர்மானிக்கின்றனர்.

ஆயின் எல்லா நாட்டிலும் இப்பிரிவினை ஒரே வலிமையோடு நிகழ்வதில்லை. 1980-களில் ஸ்டீவன்சன் குழுவினர் சப்பான், தைவான், அமெரிக்கா ஆகிய நாடுகளை ஒப்பிட்டனர். பிள்ளை படிப்பில் தேறுவதற்கு உழைப்பே காரணம் என்று சப்பானியத் தாயரும் தைவான் தாயரும் அழுத்தமாகக் கூறினர். பிறவித் திறமைக்கு அமெரிக்கத் தாயர் அவர்களைவிட மிகுதியான இடம் தந்தனர். ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் செவா மக்களிடையே ஆராய்ந்த செர்பெல், அவர்கள் அறிவு என்பதற்கு வழங்கும் சொல்லில் பொறுப்புணர்வும் சொன்ன வேலையை நம்பி ஒப்படைக்கத் தகும் பண்பும் அடங்கியிருப்பதைக் கண்டார். ஊரார் அறிவுள்ள பிள்ளை என்று காட்டியவரும் சோதனையில் முந்தியவரும் ஒருவராகவே அமையவில்லை. தம்பியை இடுப்பில் சுமந்து, ஆட்டையும் பார்த்து, அடுப்பையும் கவனிக்கும் நம் வீட்டுச் சிறுமியின் அறிவை எந்தத் தேர்வுத்தாள் அளக்கிறது என்று நாமும் கேட்கலாம்.

நம்மை நேரே தொடும் ஆய்வு ஒன்று உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் அதனை 2006-இல் வெளியிட்டனர். கிராமத்துப் பள்ளி மாணவர் 642 பேர் அதில் பங்கு கொண்டனர். பாதிப் பேர் மேல்சாதியினர், பாதிப் பேர் தாழ்த்தப்பட்டோர். வழி கண்டுபிடிக்கும் படப் புதிர்களை அவர்கள் தீர்க்க வேண்டும். எவருடைய சாதியும் வெளிப்படாதபோது இரு திறத்தாரும் ஒருவருக்கொருவர் குறைவின்றித் தீர்த்தனர். பெயரோடு சாதியையும் அனைவர் முன்னும் அறிவித்தபோது தாழ்த்தப்பட்ட சிறுவர் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்து, இரு திறத்தாரிடையே பெரும் இடைவெளி தோன்றியது. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் அச்சிறுவரின் மூளை மாறிவிடவில்லை. தம்மிடம் மற்றவர் எதிர்பார்ப்பது எது என்பதை அச்சொல் அவர்களுக்கு நினைவூட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பினே காந்தச் சோதனையில் கண்ட அதே உண்மையை இங்கும் காண்கின்றோம்.

நாம் செய்ய வேண்டுவது

கழகத்தின் 25 ஆண்டுப் பணியில் கட்டடம் எழுப்புதல், உதவித்தொகை வழங்குதல், விடுதி நடத்துதல் ஆகியவற்றின் இன்றியமையாமையை யாவரும் உணர்வர். இவற்றோடு செலவே இல்லாத பணி ஒன்றும் உண்டு. மக்கு, மண்டையில் ஏறாது, இவனுக்குப் படிப்பு வராது என்னும் சொற்களை நம் வீடுகளிலிருந்தும் மாலை வகுப்புகளிலிருந்தும் அறவே நீக்குதல் அப்பணியாகும். பிறர் நம்மை நோக்கிச் சொன்னவற்றை நாமே நம் பிள்ளைகளை நோக்கிச் சொல்லலாகாது. பின்தங்கிய பிள்ளையைக் கண்டால் அதற்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் உண்டதா, வீட்டில் விளக்கு உண்டா, இருந்து படிக்க இடம் உண்டா, எந்த எழுத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்று கேட்டறிவோம். பிறகு அந்த எழுத்திலிருந்தே தொடங்குவோம். பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி முடிவெடுக்கும்போது அருகிருந்து உன்னால் முடியும் என்று சொல்வதோடு, முடியும் வழியையும் காட்டுவோம்.

பாரிசு நகரத்து உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காகப் பினே செய்தது இதுவே. நம் பிள்ளைகளுக்கு இதனைச் செய்யும் கடமை நம் கழகத்தையும், இதில் கற்று உயர்ந்த ஒவ்வொருவரையும் சாரும்.